நள்ளிரவு 12 மணி 1 நிமிடம்: புத்தகக் கடைக்கு உள்ளேயிருந்து பார்த்த ஹாரி பாட்டர் இரவு

2007 ஜூலையில் நான் வடக்கு லண்டனில் ஒரு சின்னப் புத்தகக் கடையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த நேரத்தைப் புத்தகங்களுக்கு நடுவே கழிக்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்; கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பெட்ரோல் பங்கிலும் கோழிக்கடையிலும் ராத்திரி முழுக்க நின்றார்கள். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது புத்தகம், அதாவது கடைசிப் புத்தகம், அந்த மாதம் 21ஆம் தேதி வெளியானது. ஒரு சிறுவர் புத்தகத்துக்காக ஊரே தூங்காமல் கிடந்ததைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பல வருடம் கழித்து இங்கே தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சின்ன அளவில் ஒரு வெளியீடு நடத்தியபோது அந்த இரவில் பார்த்தது நிறையவே கைகொடுத்தது. குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள், பள்ளி நூலகம் நடத்துகிறவர்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் என்று யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "அதெல்லாம் விளம்பரக் கம்பெனி கிளப்பிவிட்டது" என்று பேசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பாதிதான் உண்மை. முதல் புத்தகம் 1997 ஜூன் 26 அன்று வந்தபோது ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் அச்சிட்ட கெட்டி அட்டைப் பிரதிகள் வெறும் 500, அவற்றிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. அந்த 500ஐ வைத்துக்கொண்டு யாரும் ஊரைக் கூட்ட முடியாது. படித்த பிள்ளை படிக்காத பிள்ளையிடம் சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தில் பரவியதுதான் அது. மூன்றாவது புத்தகம் 1999 ஜூலை 8, ஒரு வியாழக்கிழமை. அதை மாலை 3.45க்கு முன்னால் விற்கக் கூடாது என்று வைத்தார்கள், காலையிலேயே விற்றால் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவார்கள் என்று! அதற்கு அடுத்த வருடம் நான்காவது புத்தகத்தைச் சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவுக்கு மாற்றினார்கள். நள்ளிரவு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. சாதாரணமாக ஒன்பது மணிக்குப் படுக்கப் போகச் சொல்லும் அம்மா அப்பாவே கையைப் பிடித்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் பத்து வயசுப் பிள்ளைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புத்தகம் எப்படி இருந்தாலும் அந்த இரவு அதற்கு மறக்காது.

ஏழாவது புத்தகம் விற்பனைக்கு வந்தது இங்கிலாந்து நேரம் 12.01 என்பதால் இந்தியாவில் அது விடிகாலை 4.31. சென்னையிலும் அன்றைக்குக் கடைகளை அதிகாலையிலேயே திறந்தார்கள், விலை 975 ரூபாய். என் சித்தி மகள் மார்கழி மாதத்துக் கோயிலுக்குக்கூட எழுந்திருக்காதவள், அன்றைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பியதாகச் சித்தி போனில் சொல்லிச் சொல்லி அங்கலாய்த்தார்.

கடைக்காரர்களுக்கு இந்தக் கொண்டாட்டம் ஒரு காகிதத்தில் ஆரம்பிக்கும். குறித்த நேரத்துக்கு முன்னால் ஒரு பிரதியைக்கூட விற்க மாட்டேன், பெட்டியைப் பிரிக்க மாட்டேன், பிரித்துக் காட்டவும் மாட்டேன் என்று பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மீறினால் அடுத்த புத்தகம் கிடைக்காது என்று மிரட்டுவார்கள். இது கடைசிப் புத்தகம் ஆயிற்றே, அடுத்தது ஏது என்று நான் கேட்டதற்கு எங்கள் முதலாளியம்மா ஒரு பார்வை பார்த்தார். விஷயம் விளையாட்டில்லை. 2005இல் ஆறாவது புத்தகம் வரும்போது கனடாவில் வான்கூவர் பக்கத்தில் ஒரு பேரங்காடி தெரியாமல் 14 பிரதிகளை முன்கூட்டியே விற்றுவிட, பதிப்பாளர் நீதிமன்றத்துக்கே போய், வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசவோ, ஏன், படிக்கவோகூட கூடாது என்று தடை வாங்கினார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது! அது எனக்கு இன்றைக்கும் அபத்தமாகத்தான் படுகிறது.

இத்தனை கெடுபிடியும் முழுசாகப் பலிக்கவில்லை. ஏழாவது புத்தகத்தின் அமெரிக்கப் பதிப்பை யாரோ பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, வெளியாவதற்கு முந்தைய வாரமே இணையத்தில் போட்டுவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் 19ஆம் தேதியே விமர்சனமும் எழுதிவிட்டது. ஆனாலும் வாசலில் வரிசை ஒரு ஆள் குறையவில்லை. கதையைத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்திருக்கலாம். வந்தவர்களுக்கு எல்லாரோடும் சேர்ந்து ஒரே நிமிடத்தில் ஆரம்பிப்பதுதான் வேண்டியிருந்தது. அந்த இரவைப் பற்றி நான் புரிந்துகொண்டதில் பெரிய விஷயம் இதுதான். நேரம் ஒன்று, எல்லாருக்கும் அதே நேரம், யாருக்கும் சலுகை கிடையாது. ரகசியம் கசியாமல் இருந்ததைவிட இந்த மூன்றும்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டது.

ரகசியம் காப்பதில் நாங்கள் செய்தது எளிது. பெட்டிகள் வந்ததும் பின்னறையில் வைத்துப் பூட்டி, சாவியை முதலாளியம்மா ஒருவர் மட்டுமே வைத்துக்கொண்டார். எங்கள் யாரையும் அவர் நம்பவில்லை, நாங்களும் கோபித்துக்கொள்ளவில்லை. சாவி நம்மிடம் இல்லை என்றால் ஆசையும் இல்லை, பழியும் இல்லை, நண்பன் வந்து "ஒரே ஒரு பக்கம்டா" என்று கெஞ்சினால் சொல்ல ஒரு பதிலும் இருக்கிறது.

அப்புறம் காசு. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து பார்த்தால் உலகத்தின் எல்லாப் புத்தகக் கடையும் அன்றைக்குக் கொழித்தது போலத் தெரியும். முதல் 24 மணி நேரத்தில் பிரிட்டனில் மட்டும் 26.5 லட்சம் பிரதிகள், அமெரிக்காவில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. அட்டையில் போட்ட விலை 17.99 பவுண்டு. ஆனால் பேரங்காடிகள் அதை ஐந்து பவுண்டுக்கு விற்றன. பாலும் முட்டையும் வாங்க வருகிற கூட்டத்தை உள்ளே இழுக்க இந்தப் புத்தகத்தை நஷ்டத்துக்கு விற்பது அவர்களுக்குக் கட்டுபடியாகும். அஸ்டா என்ற பேரங்காடிக்கும் ப்ளூம்ஸ்பரிக்கும் அந்த வாரம் பகிரங்கச் சண்டையே நடந்தது. விலையை ஏற்றிக் கொள்ளையடிக்கிறார்கள் என்று அஸ்டா சொல்ல, பழைய பாக்கி இருக்கிறது என்று பதிப்பகம் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான ஆர்டரை நிறுத்த, கடைசியில் அஸ்டா மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பதிப்பாளர் வைத்த விலைக்குக் குறைத்துப் புத்தகம் விற்க முடியாது, கடைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் நடுவே அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது. 1995இல் அது உடைந்தது, 1997இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றே சொல்லிவிட்டது. முதல் ஹாரி பாட்டர் வந்த அதே வருடம். சிறுகடைக்காரர்கள் இதை ஒரு கசப்பான தற்செயல் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையே பேரங்காடி விற்கும் விலையைவிட அதிகம். அதனால் பல சிறுகடைக்காரர்கள் நேராகப் பேரங்காடிக்குப் போய், தள்ளுவண்டியில் அள்ளிப்போட்டு வந்து தங்கள் கடையில் அடுக்கினார்கள். சட்டப்படி ஒன்றும் தப்பில்லை. எங்கள் முதலாளியம்மா அதைச் செய்யவில்லை, தள்ளுபடியிலும் போட்டி போடவில்லை. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். "ஐந்து பவுண்டுக்கு வாங்க நினைப்பவர் அங்கேதான் போவார், போகட்டும். நம்மிடம் வருகிறவர் எதற்கு வருகிறார் என்று யோசி" என்றார். எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் தெருவில் நம்மை எல்லாருக்கும் தெரியும், பிள்ளை பாதுகாப்பாக நிற்கும், பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதற்காக வந்தார்கள். அந்தக் கூடுதல் பவுண்டுகளை அவர்கள் அதற்குத்தான் கொடுத்தார்கள்.

முன்பதிவில் அவர் ரொம்பக் கறார். மே மாதமே நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தோம். பெயர், தொலைபேசி, எத்தனை பிரதி, சிறுவர் அட்டையா பெரியவர் அட்டையா. (பெரியவர்களுக்கு என்று தனியாக இருண்ட நிற அட்டையில் அதே புத்தகத்தைப் போட்டிருந்தார்கள். டியூப் என்கிற லண்டன் சுரங்க ரயிலில் சிறுவர் புத்தகம் படிக்கக் கூச்சப்படும் கனவான்களுக்காக. உள்ளே ஒரு எழுத்து மாறவில்லை.) பாதிப் பணம் முன்பணம். பணம் கட்டாமல் "எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க" என்று சொல்லிப் போனவர்களைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. முன்பதிவுக்கு மேல் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக வரவழைத்தார். இதில் எனக்கு அப்போது வருத்தம், இவ்வளவு பெரிய இரவில் இத்தனை கஞ்சத்தனமா என்று. திங்கட்கிழமை மற்ற கடைகளில் அடுக்கடுக்காக நின்ற பிரதிகளைப் பார்த்த பிறகு புரிந்தது. இப்படிப்பட்ட புத்தகம் முதல் மூன்று நாளில் விற்பதுதான் விற்பனை. நான்காம் நாள் அது எல்லாக் கடையிலும் இருக்கும் சாதாரணப் புத்தகம், அதுவும் 607 பக்கக் கனத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு.

முன்பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் எண் போட்ட அட்டை ஒன்று கொடுத்திருந்தோம். டோக்கன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது இருபதாகப் பிரித்து நான்கு நிறம். உங்கள் நிறத்தைக் கூப்பிடும்போது வந்தால் போதும், அதுவரை பிள்ளையோடு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். குழந்தைகள் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் நான் முதலில் சொல்கிற யோசனை இதுதான். இடம் போய்விடும் என்ற பயம் போனால் தள்ளுமுள்ளு தானாகப் போய்விடும், சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போகத் தயங்கி நிற்கும் அப்பாக்களும் இருக்க மாட்டார்கள்.

20ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. க்ளோஸ்டர்ஷையர் பக்கம் வெள்ளம் வந்து ட்யூக்ஸ்பரி நகரத்தைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்தது அந்த மழையில்தான். லண்டனில் சில டியூப் ரயில் நிலையங்களில் தண்ணீர் புகுந்து மூடினார்கள். மத்திய லண்டனில் பிக்காடிலி தெருவில் இருக்கும் பெரிய புத்தகக் கடை வாசலில் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் சேர்த்து, அந்த மழையிலும். கென்சிங்டன் பக்கம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் நள்ளிரவில் முதல் அத்தியாயத்தை வாசித்துவிட்டு 1,700 பேருக்கு விடிய விடியக் கையெழுத்துப் போட்டார். எங்கள் தெருவில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. பக்கத்து மருந்துக்கடை, துணி வெளுக்கும் கடை எல்லாருடைய முன்கூரையையும் கேட்டு வாங்கி, அடியில் பிள்ளைகளை நிறுத்தினோம். முன்னாலேயே போய்ப் பேசி அனுமதி வாங்கியிருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை. மழை வராத நாளாக இருந்தாலும் பக்கத்துக் கடைக்காரர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சத்தத்தைப் பற்றிப் போலீசுக்குப் போன் போடுகிறவர் பெரும்பாலும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாத ஆளாகத்தான் இருப்பார்.

ஒன்பது மணியிலிருந்தே வர ஆரம்பித்துவிட்டார்கள். வட்டக் கண்ணாடி, நெற்றியில் உதட்டுச்சாயத்தில் மின்னல் கோடு, அப்பாவின் குளியல் கவுனை அங்கியாகப் போட்டுத் தரையில் இழுத்து வந்த பையன், உயிருள்ள ஆந்தைக்குப் பதில் கூண்டில் பஞ்சுப் பொம்மை. மழையில் மின்னல் கோடெல்லாம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. அவர்களை மூன்று மணி நேரம் சமாளிப்பதுதான் உண்மையான வேலை. புத்தகம் விற்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேள்வி பதில் போட்டி வைத்தோம், அது பெரிய பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஐந்தாறு வயசுக் குட்டிகள் பதினைந்து நிமிடத்தில் சிணுங்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்குக் கை வேலைதான் சரி. அட்டையில் தொப்பி ஒட்டுவது, காகிதத்தை உருட்டி மந்திரக்கோல் செய்வது. பத்து மணிக்கு மேல் போட்டி வேண்டாம், தோற்றால் அழுவார்கள். பதினோரு மணிக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது, கூடவே பிஸ்கட். சர்க்கரை நிறையப் போட்ட கலர் பானத்தை யாரோ ஒரு அம்மா நல்லெண்ணத்தில் பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்துவிட்டார், அதைக் குடித்த பிள்ளைகள் குதித்த குதியில் சுழல் அலமாரி ஒன்று சாய்ந்தது. கடையில் இருந்தது ஒரே கழிப்பறை, அதற்கு ஒரு ஆளை நிறுத்தி வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அந்த இரவில் மிகவும் களைத்துப்போனவர் அவர்தான்.

இதற்கு நடுவில் ஒரு அம்மா என் சட்டைப் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்றுக்குப் பதின்மூன்று இருக்கும், மற்றதற்கு எட்டு. "ஓம் அக்கா" என்று நானும் அவர் பேச்சிலேயே சொல்ல முயன்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் ஒரு புத்தகம் காணும்தானே தம்பி? வெறும் கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு காசோ?" என்று கேட்டார். நான் விற்கிற ஆள், இரண்டு வாங்குங்கள் என்று சொன்னால் வியாபாரப் பேச்சு மாதிரி இருக்கும். அதனால் முதலாளியம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை அப்படியே சொன்னேன்: ஒன்று வாங்குங்கள், மூத்தவள் பகலில் படிக்கட்டும், இரவில் சின்னவளுக்கு அவளே வாசித்துக் காட்டட்டும், சின்னவள் எந்த அத்தியாயத்தில் இருக்கிறாளோ அதற்கு மேல் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. சில வாரம் கழித்துப் பிள்ளைகளோடு மறுபடி வந்தார். ஏற்பாடு நான்கு நாள்தான் தாங்கியதாம். ஐந்தாம் நாள் சண்டையில் மூத்தவள் யார் சாகிறார்கள் என்ற பட்டியலை மொத்தமாகக் கத்திவிட்டாள். "இன்னொண்டு வாங்கியிருக்கலாம் தம்பி" என்றார் அக்கா.

சாவுப் பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. பதினோரு மணி வாக்கில் காரில் வந்த சில இளைஞர்கள் கண்ணாடியை இறக்கி, இன்னார் செத்துப்போகிறார் என்று வரிசையைப் பார்த்துக் கத்திவிட்டுப் பறந்தார்கள். ஒரு சிறுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "லா லா லா" என்று பாட ஆரம்பிக்க, ஒரே நொடியில் வரிசை முழுக்கப் பாடியது. அவர்கள் சொன்னது பொய் என்று புத்தகத்தைப் படித்த பிறகு தெரிந்தது. இப்படி நடக்கும் என்று தெரிந்தால் ரோட்டுப் பக்கம் பெரியவர்களையும் சுவர்ப் பக்கம் பிள்ளைகளையும் நிறுத்துவது நல்லது. கத்தலுக்காக மட்டுமில்லை, நள்ளிரவில் கார் ஓடும் தெரு அது.

12.01 ஆகப் பத்து நொடி இருக்கும்போது எல்லாரும் எண்ண ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா பின்னறைப் பூட்டைத் திறந்து, முதல் பெட்டியைக் கடை நடுவில் வைத்து எல்லார் கண்முன்னும் கத்தியால் கீறினார். பிள்ளைகள் எழுப்பிய கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது, மிகைப்படுத்தவில்லை. அதன் பிறகு நடந்தது சுத்தமான கணக்குப்பிள்ளை வேலை. முழுப் பணமும் கட்டியவர்களுக்கு ஒரு வரிசை, மிச்சம் கட்ட வேண்டியவர்களுக்கு இன்னொன்று. முதல் வரிசை ஆற்றுத் தண்ணீராக ஓடியது: டோக்கனைக் கொடு, பெயரை அடி, புத்தகத்தை வாங்கு, நகரு. இரண்டாவது வரிசையில் அட்டை தேய்க்கும் கருவி ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னது, இருபது பவுண்டு நோட்டுக்குச் சில்லறை தேடினோம், ஒருவர் ரகசிய எண்ணையே மறந்துவிட்டார். அடுத்த முறை செய்வதாக இருந்தால் முந்தின நாளே எல்லாரிடமும் முழுப் பணத்தையும் வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தோம். புத்தகத்தைப் பையில் போடலாமா என்று கேட்டால் பிள்ளைகள் ஏதோ பறித்துக்கொள்ளப்போவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். மழை, பை அவசியம். ஆகவே கேட்காமல் கையில் திணித்தோம். முக்கால் மணி நேரத்தில் கடை காலி. இரண்டு மாத ஏற்பாட்டுக்கு முக்கால் மணி நேர வியாபாரம்.

வெளியே முன்கூரைக்கு அடியில் சிலர் உட்கார்ந்து அங்கேயே படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்த்த பையனை அவனுடைய தங்கை அடித்ததையும் பார்த்தேன்.

அடுத்து வந்த இரண்டு நாளும் ஊர் அடங்கிக் கிடந்தது. இது வெறும் தோற்றம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ராட்க்ளிஃப் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள் ஐந்தாம், ஆறாம் புத்தகங்கள் வெளியான வாரயிறுதிகளில் அடிபட்டு வந்த 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளை எண்ணியிருக்கிறார்கள். வழக்கமான கோடை வாரயிறுதிகளில் சராசரி 67 பேர், இந்த இரண்டிலும் 36, 37. பாதிக்குப் பாதி. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 2005 கிறிஸ்துமஸ் இதழில் கொஞ்சம் கிண்டலும் நிஜமுமாக அதை எழுதினார்கள். மரம் ஏறவும் ஸ்கூட்டர் ஓட்டவும் யாருக்கும் நேரமில்லை. ஆனால் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன், இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்று பீற்றும் பிள்ளையையும் முந்நூறாம் பக்கத்தில் நிறுத்திவிட்ட பிள்ளையையும் ஒப்பிடாதீர்கள். முதல் புத்தகம் வந்தபோது பதினொரு வயசாக இருந்தவர்களுக்கு ஏழாவது வரும்போது இருபத்தொன்று. கதையும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்து இருண்டுபோனது. ஏழு வயசுக் குட்டிக்குக் கூட்டத்தில் நிற்கும் சந்தோஷம் போதும், அந்தப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு முதல் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கடைக்கு லாபம் எங்கிருந்து வந்தது என்றால், ஆகஸ்ட் மாதத்திலிருந்து. எல்லாப் பிள்ளைகளும் முடித்துவிட்டு, இனி அடுத்த புத்தகம் கிடையாது என்று துக்கம் கொண்டாடியபோது, "இதையும் படித்துப் பார்" என்று ஒரு அலமாரியை வாசலிலேயே வைத்தோம். ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் கடையில் வேலை செய்த ஒருவர் கையால் எழுதிய நான்கு வரி. அன்றிரவு பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகளே திரும்ப வந்தார்கள், பேரங்காடியில் யாரும் அவர்களிடம் அடுத்து என்ன படிக்கலாம் என்று பேசப்போவதில்லை. அந்த அலமாரி இல்லாமல் அந்த இரவை மட்டும் நடத்தியிருந்தால் சம்பளத்துக்கும் பிஸ்கட்டுக்கும்தான் சரியாக இருந்திருக்கும்.

நம் பக்கம் சிறுவர் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேடை, குத்துவிளக்கு, பொன்னாடை, முதல் பிரதியை வெளியிடுபவர் ஒருவர், பெற்றுக்கொள்பவர் ஒருவர், வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை. யாருக்காக எழுதினார்களோ அந்தப் பிள்ளைகள் கடைசி வரிசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை நாங்களே அச்சிட்டபோது, நான் சண்டை போட்டு இதையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் முன்பே அட்டைப் படத்தை மட்டும் வகுப்புக்கு வகுப்பு காட்டினோம், உள்ளே இருப்பதை ஆசிரியர்களுக்குக்கூடக் காட்டவில்லை. சனிக்கிழமை பள்ளி முடியும் நேரம் 12.30. அந்த நிமிடம்தான் வெளியீடு, ஒரு நொடி முன்னால் கிடையாது. முழுப் பணமும் முன்கூட்டியே, வகுப்பு வாரியாக நிற டோக்கன். பெட்டியைப் பிள்ளைகள் கண்முன்தான் கீறினோம். மழைக்குப் பதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழுதான மைக், அதனால் பேச நினைத்தவர்களும் பேசவில்லை, அது நல்லதாகப் போயிற்று. பிரதிகள் நூற்றுச் சொச்சம்தான், ஆனால் கூச்சலில் குறைவில்லை.

ஒரே சிக்கல், சிறப்பு விருந்தினர். நிர்வாகக் குழுவில் ஒருவர் எங்களிடம் கேட்காமலேயே ஊர்ப் பெரியவர் ஒருவரை முதல் பிரதி பெற்றுக்கொள்ள அழைத்துவிட்டார். வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது, அவருக்கு முதலில் கொடுத்தால் ஒரு மாதமாகச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கையில் மிச்சமிருந்த டோக்கனை நீட்டினேன். மனிதர் ஒரு நொடி யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டு, கோட்டும் சூட்டுமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் நின்ற சிறுமியிடம், கதை எதைப் பற்றியம்மா என்று கேட்டிருக்கிறார். "அங்கிள், நானும் இன்னும் படிக்கலையே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாளாம்.